விஞ்சில் மாட்டிய விரலுக்கு ஒரு நாள் ஆன்டிபயாடிக், முள் குத்திய கைக்கு ஒரு வாரமா?

கேள்வி: பாம்பனில் விசைப்படகில் வலையிழுக்கும் விஞ்சு எந்திரத்தில் தம்பியின் வலது கை நடுவிரல் மாட்டிக்கொண்டது. நகம் பெயர்ந்து, நுனி எலும்பு உடைந்து வெளியே தெரிந்தது. மூன்று மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முன் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, பிறகு எட்டு மணி நேர இடைவெளியில் இரண்டு. மறுநாள் நிறுத்திவிட்டு வலி மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சித்திக்கு மீன் கம்பெனியில் கெளுத்தி முள் குத்தியதற்கு, ஆபரேஷனே இல்லாமல், ஏழு நாள் மாத்திரை. எலும்பு உடைந்தவனுக்கு ஒரு நாள், முள் குத்தியவருக்கு ஒரு வாரமா? மருந்துக்கடையில் வாங்கி நாங்களே கொடுத்துவிடலாமா?

பதில்: வாங்கிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தம்பிக்கு நடந்த வைத்தியம் சரி. சித்திக்குக் கொடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. இரண்டையும் நாள் கணக்கில் தராசில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். காயம் எவ்வளவு பெரிது என்று பார்த்து மருந்தின் நாளை யாரும் முடிவு செய்வதில்லை. உள்ளே என்ன போயிற்று, அதைக் கழுவி வெளியே எடுக்க முடிந்ததா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தம்பியின் விரலை மயக்க மருந்து கொடுத்து, திறந்து, கண்ணால் பார்த்துக் கழுவினார்கள். சித்தியின் கையில் முள் போன துளை ஊசி முனை அளவு. அதற்குள் தண்ணீர் போகாது.

தடுப்புக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும், சீழ் பிடித்த பிறகு கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும் ஒரே மருந்தாக இருக்கலாம். வேலை வேறு. சீழ் பிடித்துவிட்டால் கிருமி திசுவுக்குள் குடியேறிப் பெருகியிருக்கும். அதை ஒழிக்கப் பல நாள் வேண்டும். தடுப்பு ஊசியின் வேலை அவ்வளவு நீளமில்லை. கத்தி தோலைத் திறந்தது முதல் தையல் போட்டு மூடும் வரை, அந்த ஒன்று இரண்டு மணி நேரத்தில் விழும் கிருமி தலையெடுக்காமல் இருக்க ரத்தத்திலும் திசுவிலும் மருந்து காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு இன்று நேற்று வந்ததில்லை. 1961-இல் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை ஏற்றி, ஆன்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி போவதற்கு முன்பே மருந்து இருந்த தோலில் பாதிப்பு மிகக் குறைவு. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால், கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். 1992-இல் அமெரிக்காவில் 2,847 நோயாளிகளைக் கவனித்து வெளியான ஆய்விலும் இதே கதை: கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்குப் புண் சீழ் பிடித்தது. கத்தி வைத்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்துத் தொடங்கியவர்களில் 3.3 சதவீதம். அவை கை ஆபரேஷன்கள் மட்டும் அல்ல. ஆனாலும் நேரத்தின் விதி உடம்பு முழுவதற்கும் ஒன்றுதான்.

கையில் மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கை ஆபரேஷனில் ரத்தம் வடிந்தால் நரம்பு எது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எது என்று தெரியாது. அதனால் மேற்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைச் சுற்றி 250 மி.மீ. அளவுக்குக் காற்றேற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். டூர்னிகே என்பது அதுதான். காற்றேற்றிய கணம் முதல் அந்தக் கைக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாவிட்டால் மருந்தும் போகாது. பட்டை ஏறிய பிறகு போடும் ஊசி மற்ற உடம்பெல்லாம் சுற்றும், வெட்டுகிற கைக்கு மட்டும் வராது. கை ஆபரேஷன்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது. தியேட்டரில் அவசரம், ஊசி மருந்து வார்டிலேயே தங்கிவிட்டது, எடுத்து வருவதற்குள் பட்டை ஏறிவிட்டது என்று ஆகிவிடும். அதைத் தடுக்க எளிய வழி, அக்குளிலோ கழுத்தடியிலோ நரம்பு மரக்கும் ஊசி போடத் தொடங்கும்போதே ஆன்டிபயாடிக்கையும் ஏற்றிவிடுவது. மரப்பு பிடிக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் மருந்து விரல் நுனிவரை போய்விடும். மிகக் குறைந்தது பட்டை ஏறுவதற்கு 5 முதல் 10 நிமிடம் முன்பாவது மருந்து முழுதும் உள்ளே போயிருக்க வேண்டும். கத்தி வைப்பதற்கு 60 நிமிடத்துக்கு முன்பே போட்டுவிட்டுக் காத்திருப்பதும் சரியில்லை.

வழக்கமான மருந்து செஃபஸோலின். பெரியவர்களுக்கு 2 கிராம், உடல் எடை 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம், குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 30 மி.கி. ரத்தக் குழாய் வழியாக மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஏற்றலாம். ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு முறை போட வேண்டும். விரல் மறுபடி ஒட்டும் நீண்ட ஆபரேஷன்களில் இதை மறந்துவிடுவதுண்டு. நம் பக்கத்தில் செஃப்ட்ரயாக்ஸோன் போடுவது பழக்கமாகிவிட்டது. தோலில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை அடக்குவதில் அது செஃபஸோலினைவிடச் சிறந்ததில்லை. குடலில் இருக்கும் கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக மாற்றுவதில்தான் முந்திக்கொள்கிறது. வீட்டுக் கத்தி பட்ட சுத்தமான வெட்டுக்கு அதை எடுப்பது வீண் செலவு.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களிடம், என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று கேட்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்ததைச் சிலர் அலர்ஜி என்பார்கள். செஃபஸோலினின் மூலக்கூறு பென்சிலினிலிருந்து தள்ளியே இருப்பதால் பெரும்பாலானோருக்கு அதைத் தாராளமாகப் போடலாம். உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, மயங்கி விழுந்தவர்களுக்கு கிளிண்டாமைசின் 900 மி.கி. கொடுப்பார்கள். தோலில் போடும் டெஸ்ட் டோஸை நம்பி விசாரிக்காமல் விடுவது ஆபத்து. டெஸ்டில் ஒன்றும் தெரியாமல் முழு மருந்தில் ஒவ்வாமை வந்ததுண்டு. ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டெஸ்ட் டோஸைவிட அது முக்கியம்.

இனி உங்கள் முதல் கேள்வி: ஏன் மறுநாளே நிறுத்தினார்கள்? சுத்தமான ஆபரேஷனுக்கு ஆபரேஷன் முடிந்ததும் தடுப்பு மருந்தின் வேலை முடிந்தது. எலும்பு வெளியே தெரிந்த காயத்துக்கு 24 மணி நேரம் வரை நீட்டிப்பார்கள். தம்பிக்குப் போட்ட மூன்று ஊசியும் அந்தக் கணக்குதான். அதற்கு மேல் ஐந்து நாள் கொடுத்தால் புண் ஆறுவது கூடுவதில்லை. வயிற்றுப்போக்கும், தோல் தடிப்பும், அடுத்த முறை நிஜமாகவே சீழ் பிடிக்கும்போது மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் கூடும். விரல் நுனி எலும்பு உடைந்த காயங்களை மட்டும் எடுத்து நடந்த ஆய்வுகளில், நன்றாகக் கழுவிச் சீராக்கிய விரல்களில் ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விஞ்சில் கிரீஸும் துருவும் கடல் தண்ணீரும் கலந்திருக்கும் என்பதால் மூன்று ஊசி போட்டது நியாயம்.

கையின் திறந்த எலும்பு முறிவுகளைப் பற்றி 1991-இல் வந்த ஸ்வான்சன் குழுவின் ஆய்வை மறக்கக் கூடாது. சுத்தமான காயம், தாமதமில்லை, உடம்பில் வேறு நோயில்லை என்றால் சீழ் பிடித்தது 1.4 சதவீதம். மண்ணும் சாணியும் கலந்தது, 24 மணி நேரம் தாமதித்தது, உடம்பைத் தளர்த்தும் நோய் உள்ளது, இவற்றில் ஒன்றாவது இருந்தால் 14 சதவீதம். பத்து மடங்கு. தம்பிக்கு எத்தனை நாள் மாத்திரை என்று கவலைப்படுவதைவிட, அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா, இருந்தால் 200-க்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள்.

ஆன்டிபயாடிக்கே தேவைப்படாத கை வேலைகள் நிறைய. அரிவாள்மனையில் விரல் வெட்டி, தசைநாணோ எலும்போ மூட்டோ தொடப்படாமல், சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவித் தைத்தது என்றால் வேண்டாம். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கும், மடங்கி நிற்கும் விரலுக்கும் செய்யும் சின்ன ஆபரேஷன்களுக்கும் வேண்டாம். அவற்றில் சீழ் பிடிப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தோல் கிழியாமல் உள்ளே உடைந்த எலும்புக்குக் கம்பி செருகும்போது ஒரு ஊசி போடுவோரும் உண்டு, போடாதோரும் உண்டு.

கழுவுவதுதான் உண்மையான தடுப்பு மருந்து. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையில் தவறு நடப்பது இங்கேதான். கை வெட்டுப்பட்டதும் படகோரம் குனிந்து கடலில் கையை நனைப்பதும், படகு கட்டும் ஜெட்டியில் மீன் கழுவும் வாளியில் முக்குவதும் வழக்கமாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது நம்பிக்கை. நடுக்கடல் தண்ணீரானாலும் அதில் கிருமி உண்டு. ஜெட்டித் தண்ணீரில் மீன் குடலும் டீசலும் கழிவும் சேர்ந்திருக்கும். குடிக்கக் கொண்டுபோன கேன் தண்ணீரைத் தயங்காமல் காயத்தில் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் போதும், அது சலைனுக்குச் சளைத்ததில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. பிறகு சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். மஞ்சள்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், கிரீஸ் எதுவும் வேண்டாம். ரத்தம் நிற்பது போலத் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்தப் பொடியைத் துகள் துகளாகச் சுரண்டி எடுக்கும்போது நல்ல தோலும் சேர்ந்து போகும்.

ஆஸ்பத்திரியில் செய்யும் முறையும் எளிதுதான். 20 மி.லி. சிரிஞ்சில், டிரிப் ஏற்றும் 18-ஆம் எண் கேனுலாவின் பிளாஸ்டிக் குழாயை மாட்டி சலைனைப் பீய்ச்சினால் கிருமியும் மண்ணும் கிளம்பும் அளவுக்கு வேகம் கிடைக்கும். காயம் ஒரு செ.மீ. நீளத்துக்கு 50 முதல் 100 மி.லி. என்று கணக்கு. விரல் நுனிக்கு ஒன்றிரண்டு சிரிஞ்சோடு நிறுத்தினால் போதாது. ஸ்பிரிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் காயத்துக்குள் ஊற்றக் கூடாது. கிருமியோடு உயிருள்ள திசுவையும் சுட்டுவிடும். செத்துக் கருத்த திசுவை வெட்டி எடுக்காமல் எத்தனை ஊசி போட்டாலும் பலனில்லை, ரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து போகாது. விரலுக்குக் கையுறையின் விரலை வெட்டி ரப்பர் வளையமாகப் போட்டு ரத்தத்தை நிறுத்துவார்கள். கட்டுப் போடுவதற்கு முன் அதைக் கழற்ற மறந்தால் விரலே போய்விடும். வளையத்தில் ஒரு கிளிப்பைத் தொங்கவிட்டு வைப்பது அதற்காகத்தான்.

இப்போது சித்தியின் கை. கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றின் முள்ளும் சதையில் இறங்கும்போது விஷத்தையும் மீனின் வழுவழுப்பையும் கொண்டுபோகும். முதலில் கை தாங்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி குறையும். சூட்டை அடிபடாத கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். பிறகு எக்ஸ்ரே. கெளுத்தி முள்ளில் பின்னோக்கிய பல் வரிசை உண்டு, அது உடைந்து உள்ளே தங்கினால் மாத்திரை எதுவும் காப்பாற்றாது. கையில் ஆழமாகக் குத்தியது, மூட்டுக்கோ தசைநாண் உறைக்கோ பக்கத்தில் இருப்பது, முள் துண்டு தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம், சர்க்கரையோ ஈரல் நோயோ இருப்பது: இப்படிப்பட்டவர்களுக்குத் தடுப்பு மாத்திரை எழுதுவது நியாயம். எத்தனை நாள் என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை. மூன்று முதல் ஐந்து நாள் என்பவர்கள் நிறைய. ஏழு நாள் கொஞ்சம் தாராளம், தவறு என்று சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் மருந்தின் பெயரும் மாறுகிறது. வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பம் வாழ்கிறது. அதில் வல்னிஃபிகஸ் என்பது ஆளைக் கொல்லும் வகை. உப்பு கொஞ்சம் குறைந்த, சூடான தண்ணீர் அதற்குப் பிடிக்கும். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊர் போன்ற முகத்துவாரங்களில் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் அந்தப் பக்குவத்துக்கு வரும். இந்தக் குடும்பத்துக்கு செஃபஸோலினை நம்ப முடியாது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை மாலை என்பது தடுப்புக்குப் பொருந்தும். பரவத் தொடங்கிவிட்டால் அதோடு செஃப்ட்ரயாக்ஸோன் போன்ற ஊசியும் உடனடி ஆபரேஷனும் வேண்டும். மேலே சுத்தமான வெட்டுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே செஃப்ட்ரயாக்ஸோனுக்கு இங்கே வேலை இருக்கிறது. கண்மாயிலோ ஊருணியிலோ பட்ட காயம் என்றால் ஏரோமோனாஸ் என்ற வேறு கிருமி. அதுவும் செஃபஸோலினுக்கு அடங்காது. அதனால்தான் எங்கே, எந்தத் தண்ணீரில் என்று சொல்வது அவ்வளவு முக்கியம். "கை வெட்டிடுச்சு" என்று மட்டும் சொன்னால் வீட்டுக் காயத்துக்கான மருந்துதான் வரும்.

விப்ரியோவின் வேகத்தை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலையில் குத்திய கை மாலைக்குள் பெருத்து, காயத்துக்குப் பொருத்தமில்லாத அளவு வலித்து, தோல் ஊதாவாகி, ரத்தம் கலந்த கொப்புளம் எழும்பினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 108-க்குக் கூப்பிட வேண்டும். குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கை காயத்தின் தன்மையே மாறிவிடும். படகு கரையேறி நிற்கும். கிரைண்டர் பிளேடு, வெல்டிங், ஆணி, மரச்சிராய். இவை வீட்டுக் காயம் போலத்தான், விப்ரியோவை நினைக்க வேண்டியதில்லை. விதிவிலக்கு, படகின் அடியில் ஓடுபோல் ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டும்போது படும் கீறல். அது கடல் காயம்தான். சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குப் பார் என்ற கடலடிப் பாறை கையைக் கிழிப்பதும் அப்படியே. அவர்கள் விரலில் சுற்றும் துணிக்கீற்று கீறலைக் குறைக்கிறது, ஆனால் அதே ஈரத்துணி நாள் முழுதும் காயத்தின் மேல் இருந்தால் தோல் ஊறிப்போய்க் கிருமிக்கு வாசல் திறக்கும். கீறல் விழுந்ததும் துணியை மாற்றிவிட வேண்டும்.

கருவ முள் வேறு வகை. மூட்டில் குத்தி நுனி ஒடிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். வாரக்கணக்கில் மூட்டு வீங்கியே இருந்தால் மாத்திரை மாற்றி மாற்றிப் போடாமல் முள்ளைத் தேடச் சொல்லுங்கள். நாய், பூனை, மனிதப் பல் கையில் பட்டு ரத்தம் வந்தால் தடுப்பு மருந்து கட்டாயம்: அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் 625 மி.கி. மூன்று வேளை, மூன்று நாள். அடிதடியில் அடுத்தவர் பல்லில் பட்டு முட்டி கிழிந்ததும் மனிதக் கடிதான், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாய்க்கடிக்கு முதலில் 15 நிமிடம் சோப்புக் கழுவலும் வெறிநாய்த் தடுப்பூசியும்.

படகு இன்ஜின் வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டீசல் இன்ஜெக்டரைச் சோதிக்கும்போது விரலில் பீய்ச்சினால் வெளியே எறும்பு கடித்த அளவு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே டீசல் விரலின் உறை வழியாக உள்ளங்கை வரை போயிருக்கும். ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் விரலை இழக்க நேரும். சில மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

விரல் துண்டாகிவிட்டால் நம் கையில் ஐஸ் பெட்டி தயாராக இருப்பதே ஆபத்தாகிவிடுகிறது. மீனோடு ஐஸுக்குள் புதைத்தால் விரல் உறைந்து திசு செத்துவிடும், மீனின் கிருமியும் ஏறும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் மிதக்கவிட வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கி.மீ., அங்கிருந்து மதுரை இன்னும் 110 கி.மீ.க்கு மேல். எலும்பு தெரியும் காயத்துக்கு முதல் ஊசியை முதலில் போகும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட வேண்டும். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. "பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் மூன்று நான்கு மணி நேரம் கரைந்துவிடும். அனுப்பும் சீட்டில் நான்கு விவரம் கேட்டு எழுதி வாங்குங்கள்: அடிபட்ட நேரம், எந்தத் தண்ணீர் பட்டது, எந்த ஊசி எத்தனை கிராம், போட்ட நேரம். அந்த நேரம் எழுதாததால் மதுரையில் மறுபடி போடுவதும் போடாமல் விடுவதும் நடக்கிறது. ரணஜன்னி தடுப்பூசியும் அதில் இருக்க வேண்டும், ஊரில் இன்னும் டிடி ஊசி என்றுதான் சொல்கிறோம். அழுக்குக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் போட வேண்டும், சுத்தமான காயத்துக்குப் பத்து வருடம். முன்பு முழுதாகப் போட்டாரா என்றே தெரியாதவருக்கு அழுக்குக் காயம் பட்டால், உடனே காப்பாற்றும் இம்யூனோகுளோபுலின் 250 யூனிட்டும் சேர்த்துப் போடுவார்கள்.

கடை மாத்திரை ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது சிப்ரோஃப்ளாக்ஸாசின் அல்லது அஸித்ரோமைசின். சிப்ரோஃப்ளாக்ஸாசின் குடும்பம் தசைநாணை நலிவாக்கும், அறுந்துபோனதும் உண்டு. தசைநாண் தைத்த கைக்கு வேறு வழியிருக்கும்போது அதைத் தொடக் கூடாது. டாக்ஸிசைக்ளினுக்கும் பக்குவம் தெரிய வேண்டும்: ஒரு தம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் விழும். பாலோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் கருகும், கடலுக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரை எதுவும் சீட்டில்லாமல் வாங்கும் பொருள் அல்ல.

தம்பிக்கு இப்போது செய்ய வேண்டியது: கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் வைத்திருப்பது, கட்டு நனையாமல் பார்ப்பது, சொன்ன நாளில் கட்டுப் பிரிப்பது. இரண்டாம் நாளிலிருந்து வலி குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்றாம் நான்காம் நாளில் வலி திரும்பி ஏறினால், துடித்தால், நாற்றமடித்தால், சிவப்புக் கோடு முன்கையில் ஏறினால் அன்றே காட்டுங்கள். விரல் அடி முதல் நுனி வரை ஒரே கனத்துக்கு வீங்கி, மடங்கியே நின்று, உள்பக்கம் தொட்டாலும் நீட்டினாலும் உயிர்போகும் வலி என்றால் தசைநாண் உறைக்குள் சீழ் இருக்கிறது. அது ஆபரேஷன் கேஸ், மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாது. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். எலும்பில் கம்பி வைத்திருந்தால் அது வெளியே நீட்டியிருக்கும் நாள்வரை, வழக்கமாக நான்கு வாரம் போல, கடல் தண்ணீர் அந்தக் கையில் படவே கூடாது. கம்பி ஓட்டை நேராக எலும்புக்குப் போகும் வழி. தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் நேரத்தில் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் நான்கு வாரக் கூலிக்காக விரலைக் கொடுக்கக் கூடாது.

சித்திக்கும் ஒரு வார்த்தை. மீன் வேலை செய்பவர்களுக்கு முள் குத்தி இரண்டு முதல் ஏழு நாளில் விரல் ஊதா கலந்த சிவப்பாகி, எரிந்து, ஓரம் தடித்து மெதுவாகப் பரவினால் அது எரிசிபெலோத்ரிக்ஸ். பெனிசிலினுக்குச் சட்டென்று அடங்கும், வேன்கோமைசினுக்கு அடங்கவே அடங்காது. ஏழு நாள் மாத்திரை முடிந்து, புண் ஆறி, எல்லோரும் மறந்த பிறகு மூன்று நான்கு வாரம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத கட்டி எழும்பினால், அல்லது முன்கை வழியே மணி கோத்தது போல வரிசையாகக் கட்டிகள் ஏறினால், அது மைகோபாக்டீரியம் மரினம் ஆக இருக்கலாம். காசநோய்க் கிருமியின் உறவு. எந்தத் தடுப்பு மாத்திரையும் இதைத் தடுப்பதில்லை, சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பும்போது, மீன் முள் குத்திய கை என்றும், 30 டிகிரி சூட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உடம்புச் சூட்டான 37 டிகிரியில் வைத்தால் அந்தக் கிருமி சரியாக வளராது, "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வந்துவிடும்.